பாத்திரத் தட்டும் நமது முற்போக்கும்

எழுதுவதற்கு எத்தனையோ பாரிய பிரச்சினைகள் இருக்க, கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கும் தட்டைப் பற்றியா எழுத வந்தீர்கள் என்று நம் வாசகருள் ஒரு சாரார் கேட்கக்கூடும். அவ்வாறு கேட்பவர்களுட் பெரும்பாலோர் ஆண்களாகவே இருப்பர் என்பதும் நாம் அறிந்ததே. கல்விக் கொள்கை, அந்நியக் கடன், தேசிய இனப் பிரச்சினை, இலக்கியத்தில் உருவமும் உள்ளடக்கமும் என்பன போன்ற விடயங்களை அவர்கள் இரவு பத்து மணிவரை விவாதிப்பர். விவாதத்தின் நடுவே மூன்று தடவை தேநீர் வரும். குடித்த பேணிகள் எங்கே போயின, யார் கழுவினர், எதன் மீது கவிழ்த்து வைத்தனர் என்பன அவ்விவாதத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. நாம் இந்த மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம். மற்றவை தாமாகவே பின்தொடரும்.

முதலிற் கடைக்காரரின் தத்துவத்தைக் கவனிப்போம். அவருக்குத் தட்டு என்பது குசினிக்கு அழகு தரும் ஓர் ஆபரணம். ஒற்றைத் தட்டு, இரட்டைத் தட்டு, கழுவு தொட்டிக்கு மேலாகக் கால் விரித்து நிற்பது, சுவரில் மாட்டுவது, சுருட்டி எடுத்து வைப்பது என்று வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பீங்கான் ஆறும் கண்ணாடிக் கிளாஸ் நான்கும் அடுக்கிப் படம் பிடித்து விளம்பரஞ் செய்கிறார். அந்தப் படத்திலே கரிபிடித்த சோற்றுப்பானை இல்லை. மீன் கழுவிய சட்டி இல்லை. புட்டுக்குழலும் இடியப்ப உரலும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கழுவுகின்ற மனிதர் எவரும் இல்லை. பாத்திரங்கள் தாமாகவே நீராடி வந்து தட்டில் ஏறி அமர்ந்துகொண்டன போலும்!

உழைப்பை மறைத்துப் பண்டத்தை மட்டும் காட்டுவது சந்தையின் பழைய வித்தை. அந்த வித்தை எவ்வளவு தூரம் சாமானின் அமைப்பினுள்ளேயே நுழைந்துவிட்டது என்பதையும் பார்த்தல் வேண்டும். பெரும்பாலான தட்டுகளின் கம்பி இடைவெளி, மேசையிலே வைத்து உண்ணும் தட்டையான பீங்கானை அளந்து செய்யப்பட்டது. நமது குழிந்த கோப்பை அதில் நிமிர்ந்து நிற்காது. சரிந்து, அடுத்த கோப்பையின் வயிற்றில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் காய்வதில்லை. ஆறு பேருக்குச் சோறாக்கும் பானையைக் கவிழ்த்தால் தட்டில் பாதி போய்விடும். இரண்டு பானைகளை வைத்தால் மெல்லிய கால்கள் விரிந்து வளைகின்றன. மண்சட்டியின் நிலைமை இன்னும் மோசம்: அதன் உடலே நீரை உறிஞ்சுவதாகையால், நாலா புறமும் காற்றுப் படாவிடின் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே தட்டு வாங்கிய வீடுகளிலும் பானையும் சட்டியும் நிலத்திலேயே கிடக்கின்றன. தட்டில் விருந்தாளிப் பீங்கான்கள் வீற்றிருக்கின்றன.

சாமானின் தரத்தைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்லுதல் அவசியம். எவர்சில்வர் என்ற ஒரே பெயரிலே பல்வேறு உருக்குகள் விற்பனையாகின்றன. 304 என்று குறிக்கப்படும் உருக்கிலே ஏறத்தாழ நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. 18/8 என்று முத்திரையிடுவதும் இதனையே. 201, 202 என்னும் வகைகளில் விலை மிகுந்த நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டியிருப்பர். உப்புக்கும் ஈரத்துக்கும் அவை விரைவிலே தோற்றுவிடும். வியாபாரி காந்தத்தை எடுத்து வைத்து, 'பாருங்கள், ஒட்டவில்லை, முதல்தரச் சாமான்' என்று காட்டுவார். அந்தப் பரீட்சையில் ஏமாறுதல் கூடாது. 304 எப்படிக் காந்தத்தில் ஒட்டுவதில்லையோ அப்படியே 201 உம் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. காந்தம் பிடித்துக்கொடுப்பது வெறும் இரும்புக் கம்பியையும் நிக்கல் இல்லாத மலிவு உருக்கையுந்தான். குரோமியப் பூச்சிட்ட இரும்புக் கம்பி முதற் பார்வைக்கு எல்லாவற்றிலும் அதிகம் மின்னும். கம்பிகள் ஒட்டவைக்கப்பட்ட மூட்டுகளிலிருந்து கறள் தொடங்கும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியோ உள்ளுக்குள்ளே அழுகுவது. உறையில் ஒரு கீறல் விழுந்தாற் போதும், நீர் புகுந்து கறள் வீங்கி உறையைப் பிளந்துகொண்டு வெளிவரும்.

அதன் மேல் நமது நாட்டின் நீரும் காற்றும் ஒரே தன்மையன அல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறைகளினூடாக ஊறி வருவது. அது சொட்டிக் காயும் இடமெல்லாம் வெண்படலம் படியும். மன்னாரிலும் மட்டக்களப்பிலும் கரையோரக் கிராமங்களில் உப்புக்காற்று. நுவரெலியாவிலோ மாதக்கணக்கில் ஈரம். அங்கே மரத்தட்டும் மூங்கில் தட்டும் கறுத்துப்போகும். இவ்வளவையும் கணக்கிலெடுத்து ஆக்கப்பட்ட தட்டு சாதாரண உழைப்பாளியின் கைக்கெட்டும் விலையில் இல்லை. ஆகவே அவள் மலிவானதை வாங்குகிறாள். இரண்டு வருடத்தில் அது கறள்பிடித்து விழ, மீண்டும் வாங்குகிறாள். ஈற்றிலே கணக்குப் பார்த்தால், வசதி படைத்தவன் ஒருமுறை கொடுத்ததைவிட ஏழை மும்முறையாகக் கொடுத்ததே அதிகமாயிருக்கும். மலிவுச் சாமானைப் போல ஏழையைச் சுரண்டும் சாமான் வேறில்லை.

தட்டின் அடியிலே வைக்கப்படும் தாம்பாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சொட்டும் நீர் நிலத்தில் விழாமற் காப்பதற்கென்று அதனைச் சேர்த்து விற்கின்றனர். தெளிந்த, அசையாத, நிழலிலே தேங்கிய நீர்: டெங்கு நுளம்பு முட்டையிட விரும்பும் இடம் இதைவிட வேறென்ன? முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பு உருவாக ஏழு முதற் பத்து நாட்களே போதும். முட்டைகளோ நீர் வற்றிய பின்னரும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கிடக்கும். ஆகையால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தாம்பாளத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயுற்றதாகப் பதிவாயிற்று. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வளவுக்கும் குசினித் தாம்பாளமே காரணம் என்று நாம் சொல்லவரவில்லை. நீர் நேரே கழுவு தொட்டிக்குள் வடியக்கூடிய தட்டு இருக்கையில், நீரைத் தேக்கிவைக்கும் தட்டை நவீனம் என்று விற்பது என்ன அறிவு என்றே கேட்கிறோம்.

'தட்டே எதற்கு? துவாயால் துடைத்து அலுமாரியில் வைத்துவிடலாமே' என்பாரும் உளர். நாள் முழுவதும் கையும் மேசையும் துடைத்து ஈரம் ஊறிய துவாய், சுத்தமான கோப்பைக்கு அழுக்கையும் கிருமியையும் திருப்பிக் கொடுப்பது. அமெரிக்க உணவு நிர்வாகத்தின் மாதிரி விதிமுறை, உணவகப் பாத்திரங்களைக் கிருமிநீக்கம் செய்தபின் காற்றிலே உலரவிடும்படி கூறுகிறது. நம் பாட்டிமாருக்கு இதனை அந்நிய விதிமுறை வந்து போதிக்கவேண்டியிருக்கவில்லை. கிணற்றடியிலே நான்கு கவர்த்தடிகளை நாட்டி, குறுக்கே பனைச் சலாகைகளைப் பரப்பி, சாம்பலும் தும்பும் கொண்டு தேய்த்த சட்டிகளை அதன்மேற் கவிழ்த்தனர். கீழிருந்து காற்று, மேலிருந்து வெயில். நாய்க்கும் கோழிக்கும் எட்டாது. நீர் வாழையடிக்குப் போகும். உகண்டா, மலாவி, சாம்பியா முதலிய ஆபிரிக்க நாடுகளின் கிராமச் சுகாதார இயக்கங்கள் இன்று மலகூடத்தோடும் கைகழுவும் இடத்தோடும் சேர்த்து இதே மாதிரியான மரத்தட்டினை வீட்டுக்கு வீடு அமைக்கும்படி வற்புறுத்துகின்றன. எமது குடும்பங்கள் சீமெந்துக் குசினிக்குக் குடிபுகுந்தபோது இந்தப் பரண் வெளியே நின்றுவிட்டது. உளுத்து விழுந்தும் போயிற்று. அதன் இடத்தை நிரப்பவே இன்று கடையில் நிற்கிறோம்.

ஆனால் பழமைக்குப் பாட்டுப்பாடுவது எமது நோக்கமன்று. அந்தப் பரணுக்கும் கிணற்றுக்கும் இடையிலே குந்தியிருந்து முதுகு வளைந்தவர் யார் என்ற கேள்விக்குப் பழமை விடை சொல்வதில்லை. அக்கேள்வியைக் கேட்டு, விடையை மரத்திலும் கம்பியிலும் செய்து காட்டியவர்கள் சென்ற நூற்றாண்டில் இருந்தனர். அவர்களுள் இருவரை நம் வாசகர் அறிந்திருத்தல் நலம்.

முதலாமவர் வியன்னாவில் 1897 இல் பிறந்த மார்கரெட் ஷூட்டே-லிகோட்ஸ்கி. கட்டடக் கலைஞர், கம்யூனிஸ்ட், நாஸிகளை எதிர்த்து இயங்கியமைக்காக 1941 இற் கைதாகிப் பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 1945 இல் விடுதலை பெற்றவர். 1926 இல் பிராங்பேர்ட் நகரசபை தொழிலாளருக்கெனப் பெருந்தொகையாக வீடுகள் கட்டியபோது, அவ்வீடுகளுக்கான குசினியை வடிவமைத்தவர் இவரே. 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளம். அடுப்பு, மேசை, தொட்டி, பாத்திரம் வடியும் தட்டு யாவும் கையெட்டும் தூரத்தில். பெண் நடக்கவேண்டிய ஒவ்வோர் அடியும் அளந்து குறைக்கப்பட்டது. இத்தகைய குசினிகள் ஏறத்தாழ 10,000 அமைக்கப்பட்டன. தொழிலாளியின் மனைவியது நேரத்துக்கும் ஒரு பெறுமதி உண்டென ஒரு நகரசபை ஏற்றுக்கொண்டது அற்ப காரியமன்று.

மற்றவர் பின்லாந்தைச் சேர்ந்த மையு கெபார்ட். வேலைத்திறனை ஆராய்வதற்கென அங்கிருந்த கழகமொன்றின் மனைப் பொருளாதாரப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்தவர். ஓர் இல்லத்தரசி தன் வாழ்நாளில் ஏறத்தாழ 30,000 மணித்தியாலங்களைப் பாத்திரங் கழுவித் துடைப்பதிலே செலவிடுகிறாள் என்பது அவரது கணக்காகக் கூறப்படுகிறது. இரவு பகல் ஓயாது நின்றால் மூன்று வருடமும் ஐந்து மாதமும்! அவர் 1944-45 இல் உருவாக்கிய அலுமாரி மிக எளியது. கழுவு தொட்டிக்கு நேர் மேலே, அடிப்பலகை இல்லாத அலுமாரி. உள்ளே கம்பித் தட்டுகள். கழுவிய கோப்பையை ஈரத்தோடு வைத்துக் கதவைச் சாத்தினால் நீர் தொட்டிக்குள் சொட்டும். கோப்பை தன் நிரந்தர இடத்திலேயே காயும். துடைக்கும் வேலையும் இல்லை, எடுத்து அடுக்கும் வேலையும் இல்லை. தேங்கும் தாம்பாளமும் இல்லை. பிற நாடுகளிலும் இத்தகைய முயற்சிகள் அதற்கு முன்பே நடந்ததுண்டு. ஆயினும் பின்லாந்தின் சாதாரண வீடுகளில் அது பரவலாக இடம்பிடித்தது.

இவ்விருவரும் தட்டைப் பார்த்த பார்வை கடைக்காரரின் பார்வையன்று. கழுவுபவளின் கையிலிருந்து எத்தனை அசைவுகளை இத்தட்டு கழிக்கிறது என்பதே அவர்களது அளவுகோல். அந்த அளவுகோலை நாமும் கையில் எடுக்கலாம். வலக்கையாற் தேய்ப்பவர் பாத்திரத்தை இடக்கையிற் பிடிப்பார். தட்டு இடப்புறம் இருந்தால் கைமாற்ற வேண்டியதில்லை. பின்லாந்து அலுமாரியையும் கண்ணை மூடிக்கொண்டு பிரதி பண்ணலாகாது. குள்ளமான பெண்ணொருத்தி ஈரப் பானையைத் தலைக்கு மேல் தூக்கவேண்டியிருந்தால் அது அவளுக்கு விடுதலையா, தண்டனையா? பீங்கானுக்கு மேலே கம்பித் தட்டும் பானை சட்டிகளுக்கு இடுப்புயரத்தில் அகன்ற பலமான பலகைத் தட்டுமாக, ஊர்த் தச்சரும் கம்மாலைக்காரரும் நம் அளவுக்குச் செய்து தரக்கூடியதே பெரும்பாலும் பொருத்தமாயிருக்கும்.

எனினும் பிராங்பேர்ட் குசினியில் ஒரு குறை உண்டு. அதை மூடிமறைப்பது நேர்மையாகாது. ஒருவர் நின்றால் மற்றவர் நிற்க இடமில்லாத அளவுக்கு அது ஒடுக்கமானது. நிற்கும் அந்த ஒருவர் பெண் என்பது வரைபடம் கீறப்படுமுன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. அவளது அடிகள் குறைந்தன. அவளது வேலை அவளுடையதாகவே நின்றது. லெனின் 1919 இலேயே, வீட்டுவேலையின் சில்லறைத்தனம் பெண்ணை நசுக்கி மூளையை மழுங்கச் செய்கிறது என்றும், சட்டத்தில் மட்டும் சமத்துவம் அளித்தால் அவள் வீட்டு அடிமையாகவே இருப்பாள் என்றும் எழுதினார். சோவியத் நாட்டில் 1925 இல் இவானோவோ-வொஸ்னெஸென்ஸ்கில் முதலாவது 'தொழிற்சாலைக் குசினி' திறக்கப்பட்டது. சமையலையும் கழுவலையும் வீட்டிலிருந்து வெளியேற்றும் முயற்சி அது. அங்கும் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நின்ற பெண் மாலையில் வீட்டுக் கோப்பைகளுக்குத் திரும்பியே வந்தாள் என்பதை வரலாறு அறியும். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2018 இல் வெளியிட்ட அறிக்கை 64 நாடுகளை ஆராய்ந்து, ஊதியமில்லாப் பராமரிப்பு வேலையில் பெண் நாளொன்றுக்கு 4 மணித்தியாலம் 25 நிமிடமும் ஆண் 1 மணித்தியாலம் 23 நிமிடமும் செலவிடுவதாகக் கண்டது. பெண் செய்வது ஏறத்தாழ மூன்று மடங்கு. இது கம்பியையும் உருக்கையும் மாற்றுவதால் மட்டும் மாறுகின்ற கணக்கன்று.

'சமுதாய மாற்றம் வரட்டும், இவையெல்லாம் தாமே தீரும்' என்று சொல்லும் தோழர்களை நாம் நன்கறிவோம். அம்மாவின் கைப்பக்குவத்தை உருகி உருகி எழுதும் எழுத்தாளரையும் அறிவோம். அந்தக் கை சமைத்த பின் என்ன செய்தது என்பது அவர்தம் கதையில் வருவதேயில்லை. தான் உண்ட கோப்பையைத் தானே கழுவித் தட்டில் வைப்பதற்கு எந்த அரசு அதிகாரத்தைக் கைப்பற்ற வேண்டும்?

இனி, இவ்விடயத்தில் நம்மை அதிகம் சங்கடப்படுத்தும் பகுதிக்கு வருவோம். நம் வாசகருட் பலர் ஆசிரியர்கள். கணவனும் மனைவியும் தொழிலுக்குப் போகும் வீடுகளிற் பாத்திரங் கழுவ இன்னொரு பெண் வருகிறாள். அவள் கழுவி அடுக்கும் தட்டை உற்றுப் பாருங்கள். வீட்டாரின் கோப்பைகள் அனைத்தும் அதில் உண்டு. அவள் சோறு தின்னும் கோப்பையும் தேநீர் குடிக்கும் பேணியும் அதில் இல்லாத வீடுகள் எத்தனை! அவை பின்புறச் சுவரின் ஆணியிலோ, குளியலறைக்கு வெளியே உள்ள மதிலிலோ, கவிழ்த்த வாளியின் மேலோ இருக்கும். ஐம்பது கோப்பைகளை அவள் கை தொடலாம். அவள் வாய் தொட்ட ஒரு பேணி அந்த ஐம்பதோடு சேரக்கூடாது. இதற்குச் சுகாதாரம் என்று பெயர் சூட்டுகின்றனர்!

இந்தச் சுகாதாரத்தின் பூர்வீகம் நமக்குத் தெரியாததா? யாழ்ப்பாணத்தில் மூக்குப்பேணி என்ற பித்தளைப் பாத்திரத்தின் வேலைப்பாட்டை வியப்பவர்கள், எச்சில் படாது அண்ணாந்து குடிக்கச் செய்யப்பட்ட அதே மூக்கு, தீட்டு என்னும் கொள்கைக்கு எவ்வளவு வசதியாயிருந்தது என்பதைச் சொல்வதில்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்கோ மூக்குப்பேணியும் இல்லை, சிரட்டைதான். தேநீர்க் கடையில் உட்கார ஆசனம் இல்லை. மற்றவர் குடிக்கும் கிளாஸும் இல்லை. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. கிளாஸ்கள் கடையில் வேறுவேறாகவே இருந்தன. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலமும், 1967 இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், சங்கானை முதலிய இடங்களில் உயிர்ப்பலி கொடுத்து நடந்த போராட்டங்களுமே சட்டத்தைக் கடைக்குள் கொண்டு சென்றன. எல்லாருக்கும் ஒரே கிளாஸ் என்பதன் பொருள், எல்லாக் கிளாஸும் ஒரே வாளியில் கழுவப்பட்டு ஒரே தட்டிற் கவிழ்க்கப்படும் என்பதே. கடைச் சொந்தக்காரர்கள் அஞ்சியதும் அதற்குத்தான்.

கடையிற் தோற்ற வழக்கம் வீட்டின் பின்புறத்திலே புகலிடம் தேடிக்கொண்டது. இதில் வடக்கென்றும் கொழும்பென்றும் பேதமில்லை. மலையகத்து லயன்களிலிருந்து, பள்ளிக்கூடத்தை விட்டு, பட்டணத்து வீடுகளுக்குச் சிறுமியர் அனுப்பப்பட்ட வரலாறு நெடியது. வீட்டுப் பணியாளரைப் பொலிஸாரிடம் பதிவுசெய்விக்கும் கட்டளைச் சட்டத்தை 1871 இல் வெள்ளை அரசு இயற்றியது. பணியாளைச் சந்தேகத்துக்குரியவளாக நோக்கிய சட்டம் அது. வீட்டுப் பணியாளரும் ஏனைய தொழிலாளரைப் போல உரிமையுடையோர் என்று கூறும் சர்வதேச உடன்படிக்கை 2011 இலேதான் பிறந்தது. 2021 இல், கொழும்பில் வேலைக்கமர்த்தப்பட்டிருந்த மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களுடன் மரணமுற்றபோது நாட்டின் பல பாகங்களிலும் கண்டனக் குரல் எழுந்தது. ஆசிரியரும் மாணவரும் பதாகை ஏந்தினர். நன்று. பதாகையை இறக்கிவைத்து வீடு திரும்பித் தேநீர் குடித்தவர்களுட் சிலரது வீட்டிலும் அந்த ஆணியில் அந்தப் பேணி தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானமும் நமக்குத் தெரியும். 'நாங்கள் வேண்டாம் என்றா சொன்னோம்? அவளே வேறாக வைக்கிறாள். அவளுக்கே அதுதான் பிடிக்கும்.' 1960களின் தேநீர்க் கடை முதலாளியும் ஏறத்தாழ இதனையே சொன்னார்: அவர்கள் தாங்களாகவே வெளியே நிற்கிறார்கள், நாங்களா தடுத்தோம் என்று. வேலைக்கு வந்த முதல் நாளில் அவளிடம் எந்தப் பேணியில் தேநீர் ஊற்றிக் கொடுக்கப்பட்டது? எந்த இடத்தைக் கைகாட்டினர்? இரண்டாம் நாள் தொடக்கம் அவள் அதனைத் தன் விருப்பம் போலச் செய்கிறாள். செய்யாதிருந்தால் மூன்றாம் நாள் வேலை இருக்குமோ என்பது அவளுக்குத் தெரியாது.

ஆகையாற் புதுத் தட்டு வாங்கப்போகும் நண்பர்கள் கடைக்குப் போகுமுன் வீட்டிலே சில காரியங்களை முடித்துக்கொள்ளட்டும். இதுவரை கழுவி வந்தவர் மனைவியோ, தாயோ, கூலிக்கு வரும் பெண்ணோ, அவரைக் கேட்டுத் தட்டின் உயரத்தையும் இடத்தையும் தீர்மானிக்கட்டும். அவர் கையை நீட்டிக் காட்டும் இடத்தில் சுவரிலே கரிக்கோடு ஒன்று கீறிக்கொள்ளட்டும். குசினியில் இருவர் நிற்க இடமிருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையேல் மேசையை நகர்த்தி இடம் செய்யட்டும், ஏனெனில் இரண்டாமவர் அவர்களே. வீட்டிலுள்ள கோப்பைகளையும் பேணிகளையும் எண்ணட்டும். எண்ணும்போது பின்சுவருக்கும் சென்று, ஆணியில் தொங்குவதையும் கழற்றிக்கொண்டு வந்து கணக்கிற் சேர்க்கட்டும். அந்தத் தொகை கொள்ளும் அளவான தட்டையே வாங்கவேண்டும்.